இருபது டெசிபல்

கெமி நகர மருத்துவமனையில் ஐனிக்கிக்கு
மனிதர்கள் தவறவிடும் ஒலிகளை அளக்கும் வேலை.
பஞ்சு பொதிந்த சிற்றறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஹெட்போன் மாட்டிய யாரோ.
"எவ்வளவு மெல்லியதானாலும் சரி,
கேட்டதும் பொத்தானை அமுக்குங்கள்."
ஒரு நாளில் பதினொரு தடவையாவது
இதைச் சொல்லிவிடுவாள்.

இருபது டெசிபல் வரை
இழப்பு என்று எழுதும் வழக்கம் இல்லை.
இயல்பு. கையெழுத்து. அடுத்தவர்.
சிலர் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டே நிற்பார்கள்:
ஆனால் என் மனைவி பேசுவது
சரியாக விழுவதில்லையே.
தாளைத் திருப்பிக் காட்டுவாள்.
இதோ பாருங்கள், இயல்பு.

நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
கடைக்குள் மட்டும் பகல்.
வாசலில் காலிப் போத்தல் வாங்கும் இயந்திரம்;
விழுங்கியதை எண்ணிச் சீட்டுத் தரும்,
ஒரு சென்ட் பிசகாது.
அதற்கு நாலடி தள்ளி, மற்றது.
செர்ரி, முலாம்பழம், மணி.
செர்ரி, முலாம்பழம், செர்ரி.

போத்தல் காசுதானே என்று தொடங்கியது.
இருபது யூரோவைத் தாண்டியதில்லை.
தாண்டிய நாட்களையும்
இருபது என்றே நினைவில் வைத்திருக்கிறாள்.

வீட்டுக் கடன் தேதி தவறாமல் போகிறது.
நகை எதுவும் அடகுக்குப் போகவில்லை.
பையில் உறைந்த மீன் வியர்த்து
பூட்ஸின் மேல் சொட்டியது ஒரு முறை.
மகள் வில்யா ஔலுவிலிருந்து அழைத்தபோது
சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன;
பிறகு கூப்பிடுகிறேன் என்றாள்,
கூப்பிட்டது வியாழக்கிழமை.
அதற்குள் அவள் சொல்ல வந்தது ஆறிப்போயிருந்தது.
இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

"இன்றைக்கும் வரிசையா?" என்பான் ஓஸ்மோ.
"நீளம்."
"ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே,
அந்தக் கடைக்குப் போய்ப் பாரேன்,
அங்கே கூட்டமே இருக்காது."
அவன் அக்கறையாகச் சொன்னதுதான்
தாங்கமுடியாமல் போயிற்று.
சூப்பில் உப்பில்லை என்று கத்தினாள்.
சூப் அவள் வைத்தது.

பணியாளர் நலப் பரிசோதனையில் ஒரு படிவம்.
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
விளையாட்டைப் பற்றிக் குற்றவுணர்வு கொண்டதுண்டா?
நாலு கட்டங்கள்.
எப்போதாவது என்பதில் குறியிட்டாள்,
பேனா கொஞ்சம் கட்டத்துக்கு வெளியே போயிற்று.
மதிப்பெண் ஒன்று. அபாயம் குறைவு.
தாளைத் திருப்பிக் காட்டினாள் தாதி, சிரித்த முகமாக.
கோட்டை மாட்டிக்கொண்டு
ஐனிக்கி அங்கேயே நின்றாள்.

காலையில் முதல் ஆள் வருமுன்
கருவியைத் தன் காதிலேயே சோதிக்கவேண்டும், அது விதி.
கதவைச் சாத்தினால் தன் இரத்தம் ஓடுவதுகூடக் கேட்கும் அறை.
ஒரு ஒலி. அமுக்கினாள்.
ஒரு ஒலி. அமுக்கினாள்.
பிறகு அந்த மெட்டு,
மூன்று மணிகள் சேரும்போது வருமே, அது,
தூரத்தில், யாருக்கோ அடித்ததுபோல.
அமுக்கினாள்.
அந்த இடத்தில் ஒலி எதுவும் அனுப்பப்படவில்லை
என்று திரை சொன்னது.

அன்று மாலையும் கடை. அன்றும் பதினேழு யூரோ.
திருந்திவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

ஓஸ்மோ முதுகைக் காட்டிக்கொண்டு
தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.
அந்த முதுகிடம், மிக மெல்ல,
"வரிசை இருந்ததே இல்லை" என்றாள்.
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
அவன் குழாயை மூடினான்.
"என்ன சொன்னாய்?"

முறை தெரிந்தவள்தான்.
கேட்கவில்லை என்றால்
ஐந்து டெசிபல் கூட்டவேண்டும்.